சம்பளத்தில் பிடித்த நன்கொடை: படிவம் 16-இல் ஏன் இல்லை?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுச் சம்பளம் 9 லட்சம் ரூபாய். சொந்த வீட்டில் இருக்கிறேன்; கடன் எதுவும் இல்லை. 2024-25-இல் ஒரு கல்வி அறக்கட்டளைக்காக மாதம் 1,000 ரூபாய் என் சம்பளத்தில் பிடித்தார்கள். நிறுவனமும் தன் பங்காக அதே தொகையைக் கொடுத்தது. சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளி ஒன்றில் மொத்தம் 40 மணி நேரம் கணினி சொல்லிக்கொடுத்தேன். நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றான படிவம் 16-இல் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘24,000 ரூபாய்க்கும் விலக்குக் கேட்கலாம், வேண்டுமானால் 60,000 ரூபாய்க்கே ரசீது வாங்கித் தருகிறேன்’ என்கிறார் எங்கள் அலுவலகப் பக்கம் வந்துபோகும் வரி ஆலோசகர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக அந்த ஆலோசகரின் எண்ணை உங்கள் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் திரிகிறார்கள். திரும்பக் கிடைக்கும் வரிப் பணத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்பார்கள். கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகவும், பெயரே கேள்விப்படாத அரசியல் கட்சிக்கு நிதி தந்ததாகவும் உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது இத்தகைய போலி விலக்குகளுக்காகத்தான். தமிழ்நாடும் அதில் உண்டு. சிக்கினால், மறைத்த வரியைக் கட்டுவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் வரலாம். நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். ஆலோசகரின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இனி உங்கள் கணக்கு. நிறுவனம் கொடுத்த 12,000 ரூபாய் நிறுவனத்தின் பணம். அதற்கு நீங்கள் விலக்குக் கேட்க முடியாது. உங்களுடையது நீங்கள் கொடுத்த 12,000 மட்டும். 80ஜி (நன்கொடைக்கு விலக்குத் தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு) பதிவு பெற்ற இத்தகைய அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதிதான், அதாவது 6,000 ரூபாய்தான், வருமானத்திலிருந்து கழியும். கழிவது வருமானத்தில்தான், வரியில் அல்ல. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. விலக்குகள் நிறைய உள்ள பழைய வரி முறையில் உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 20 சதவீத வரி. வரியின் மேல் விதிக்கும் செஸ் சேர்த்து மிச்சமாவது 1,248 ரூபாய்.

புதிய வரி முறையில் அதுவும் கிடையாது, ஏனென்றால் 80ஜி விலக்கே அங்கே இல்லை. 2023-24 முதல், நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை எல்லோருக்கும் புதிய முறைதான். இது தெரிந்தும், ஊழியர்களுக்கான நன்கொடை இணையப் பக்கத்தில் ‘வரிச்சலுகை உண்டு’ என்று பெரிய எழுத்தில் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. ‘நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்ப்பது அவர்களுக்கு அரை மணி நேர வேலை. ஊருக்கெல்லாம் செயலி எழுதித் தருபவர்கள் இதை ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்படியானால் பழைய முறைக்கு மாறிவிடலாமா? கணக்குத் தாக்கலின்போது, கெடுவுக்குள் என்றால், மாறலாம். ஆனால் மாறாதீர்கள். சேமிப்புக்கு விலக்குத் தரும் 80சி பிரிவில் 1.5 லட்சம் முழுவதையும் சேமித்திருந்தாலும், இந்த நன்கொடையையும் கழித்தாலும், 2024-25-க்குப் பழைய முறையில் உங்கள் வரி 53,352 ரூபாய். புதிய முறையில் 33,800. பழைய முறையில் வரியை இன்னும் குறைக்க உதவும் வீட்டு வாடகையோ வீட்டுக் கடனோ உங்களுக்கு இல்லை. 1,248 ரூபாயைப் பிடிக்கப் போய் 19,500-க்கு மேல் இழப்பீர்கள்.

படிவம் 16-இல் காணவில்லை என்று நிறுவனத்தோடு சண்டை போடவும் வேண்டாம். அறக்கட்டளை நன்கொடையைச் சம்பள வரிக் கணக்கில் கழிப்பது பொதுவாக நிறுவனத்தின் வேலை அல்ல; ஊழியர்தான் தன் கணக்குத் தாக்கலில் கேட்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண்டுதோறும் பலர் இதில் குழம்புவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2015 வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் மழையின்போதும் ஒரு நாள் சம்பளம் கொடுத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முதலமைச்சர் நிவாரண நிதிக்கோ பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கோ சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தால், நிறுவனம் எல்லோர் பணத்தையும் ஒரே தொகையாக அனுப்பும். ஆளுக்கொரு ரசீது வராது. அதனால் இந்தத் தொகைக்கு நிறுவனம் தரும் சான்றே போதும், படிவம் 16-இலும் அதைக் காட்டலாம், விலக்கும் பாதி அல்ல, முழுத் தொகைக்கும் கிடைக்கும். ஆனால் இதுவும் பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் கல்வி அறக்கட்டளை இந்த வகையில் வராது. பக்கத்து இருக்கைக்காரரின் படிவத்தில் இருக்கிறதே என்று கேட்டால், அவர் கொடுத்தது வேறு நிதியாக இருக்கும்.

பழைய முறையில் இருக்கும் உங்கள் நண்பர்கள் கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: அறக்கட்டளையின் சாதாரண ரசீது போதாது, படிவம் 10பிஇ என்ற நன்கொடைச் சான்று வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அறக்கட்டளை அதைத் தர வேண்டும். அதில் தங்கள் பான் எண் இருக்கிறதா, நிறுவனத்தின் பங்கு சேராமல் தங்கள் தொகை மட்டுமே இருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நன்கொடைத் தளம் இருந்தால் குழப்பம் அங்கேதான் தொடங்கும். மனிதவளத் துறை தளத்தைக் கைகாட்டும், தளம் அறக்கட்டளையைக் கைகாட்டும். தாமதித்தால் அறக்கட்டளை நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். விலக்கை இழப்பது என்னவோ கொடுத்தவர்தான். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் இந்த அலைச்சலை ஒருமுறையாவது அனுபவித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் பாடம் நடத்திய 40 மணி நேரத்துக்கு வரியில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. பஸ் கட்டணமும் கழியாது, பள்ளிக்குக் கொடுத்த பழைய மடிக்கணினியும் கழியாது. ‘உங்கள் சேவையின் மதிப்பு 80,000 ரூபாய்’ என்று யாராவது சான்றிதழ் தந்தால் அதைச் சுவரில் மாட்டுங்கள், வரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் நிறுவனமும் அந்த மணி நேரத்தைப் பணமாக்கிச் சமூகப் பொறுப்புச் செலவில் (சிஎஸ்ஆர்) காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஆகவே, 2024-25-க்கான கணக்கைப் புதிய முறையிலேயே தாக்கல் செய்யுங்கள், நன்கொடைக்கான பகுதியை நிரப்பாமல் விடுங்கள். 1,000 ரூபாய்ப் பிடித்தத்தை நிறுத்த வேண்டாம். அதை நிறுத்தினால் நிறுவனம் தரும் இன்னொரு 1,000 ரூபாயும் அந்தக் குழந்தைகளுக்குப் போகாது.