மேசை போனால் மனிதன் மிஞ்சுவானா?

கேள்வி: கதைகளில் ஒரு பாத்திரத்தின் மேசை, சட்டை, கடிகாரம் ஆகியவற்றைப் பத்தி பத்தியாக வர்ணிப்பது அலங்காரம்தானே? ‘நான் யார்’ என்பது நினைவைப் பொறுத்தது. பொருளுக்கு அதில் என்ன வேலை?

பதில்: உங்கள் கேள்வியில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் குரல் கேட்கிறது. ஒருவரை நேற்றும் இன்றும் அதே நபராக வைத்திருப்பது உடலன்று, தொடர்ந்து வரும் தன்னுணர்வே என்று மனிதப் புரிதல் குறித்த தம் நூலின் 1694இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவர் வாதிட்டார். அதன்படி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) கதையில் பூச்சியாகிவிட்ட கிரெகோர் சாம்சா, நினைவு மாறாததால் பழைய கிரெகோரேதான். ஆனால் அறைச் சாமான்களை அப்புறப்படுத்தும் பகுதியை ஊன்றிப் படியுங்கள். அவன் தாராளமாக ஊர்ந்து திரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் தங்கை அறையைக் காலி செய்ய முனைகிறாள். தாயோ, மகன் இனித் தேறமாட்டான் என்று நாமே கைவிட்டதாக ஆகிவிடாதா எனத் தயங்குகிறாள். அதைக் கேட்ட பிறகுதான், வெற்று அறையில் தன் மனிதக் கடந்தகாலமே மறந்துபோகும் என்பது அவனுக்கு உறைக்கிறது. சிறுவயதிலிருந்து பாடம் எழுதிய மேசையும் நகரும்போது, பத்திரிகையிலிருந்து கத்தரித்து, தன் கையால் மரத்தை அறுத்துச் செய்த சட்டத்தில் மாட்டியிருந்த படத்தின் மேல் ஏறி, கண்ணாடியோடு உடலை ஒட்டிக்கொள்கிறான். பேச்சை இழந்தவனுக்கு ‘இது என்னுடையது’ என்று சொல்ல வேறு வழியில்லை. அந்தக் கோலத்தைக் கண்டு தாய் மயங்குகிறாள். தந்தை எறியும் ஆப்பிள் அவன் முதுகில் பதிந்து ஆறாத காயமாகிறது. அந்தப் படம் இல்லையென்றால் இவற்றில் எதுவுமே நிகழ்ந்திராது. அதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

ஒருவருடைய ‘தான்’ என்பதில் உடையும் வீடும் சேரும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். மறதிநோயாளி எப்போதும் கூடவே வைத்திருக்கும் குறிப்பேடு அவர் மனத்தின் பகுதியே என்று தத்துவவாதிகள் ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் 1998இல் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். இவர்கள் லாக்கை மறுப்பதாக நான் கருதவில்லை. நினைவு எங்கே தங்குகிறது என்பதை விரித்துக் காட்டுகிறார்கள்.

அதற்காக, உடைமை இழந்தவர் மனிதரே அல்லர் என்று முடிவு கட்டுவது கொடுமை. காஃப்காவும் அப்படிச் சொல்லவில்லை. அறை வேண்டாத சாமான்களைத் தள்ளும் இடமாகிவிட்ட பிறகும், தங்கையின் வயலின் இசை கிரெகோரை வெளியே இழுக்கிறது. இசை தன்னை இவ்வளவு உருக்குகிறதே, தான் விலங்குதானா என்று அவன் அப்போதுதான் கேட்கிறான்.