நகர நடுவில் காலி இடம் விட்டால் மக்கள் தானாகக் கூடிவிடுவார்களா?

மாட்டார்கள். உட்கார இடமும் வந்துபோக வழியும் வேண்டும். இது நம் இடம் என்ற எண்ணமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரின் பயோனியர் கோர்ட்ஹவுஸ் சதுக்கத்தைப் பாருங்கள். அங்கே 1890-இல் திறந்த அழகான ஹோட்டல் ஒன்று இருந்தது. 1951-இல் அதை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். பல வருட இழுபறிக்குப் பிறகு 1984 ஏப்ரலில் அது சதுக்கமானது. கட்டப் பணம் திரட்ட, பெயர் பொறித்த செங்கற்களை ஊராருக்கு விற்றார்கள். இன்று பெயர் தாங்கிய பல்லாயிரம் கற்கள் தரையில் கிடக்கின்றன. குனிந்து தாத்தாவின் பெயரைத் தேடுகிற குழந்தைக்கு அது யாரோ கட்டிய இடமாகத் தெரியாது. என்னைக் கேட்டால், அதன் உயிரே அந்தக் கற்களில்தான் இருக்கிறது.

அப்புறம், அரைவட்டப் படிக்கட்டுகள். எதுவும் வாங்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். டிராம் பக்கத்திலேயே நிற்கும். தினமும் நண்பகலில் ஒரு உயரமான தூணில் எக்காளம் ஒலிக்கும், பனிப்புகை கிளம்பும், உச்சியில் ஒரு உருவம் எழும்பி வானிலை சொல்லும்: வெயிலுக்குச் சூரியன், தூறலுக்கு நீல நாரை, புயலுக்கு டிராகன். முன்பின் தெரியாதவர்கள் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள். பேச்சு அங்கே தொடங்கும்.

இடித்த ஹோட்டலின் இரும்புக் கதவைக்கூட அந்தச் சதுக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.