டொனால்ட் டக்குக்குப் பல் உண்டா, டவுசர் ஏன் இல்லை என்று வளர்ந்தவர்கள் சண்டை போட்டால் அந்தக் காமிக்ஸின் நகைச்சுவை செத்துவிடாதா?

சாகாது. அந்தச் சண்டையைப் போடாதவர்களுக்குத்தான் பாதிச் சிரிப்பு தெரியாமலே போகிறது.

கேள்வியைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரோ (கணவரோ, தம்பியோ) ராத்திரி பதினோரு மணிக்கு போனில் யாரிடமோ ‘வாத்துக்கு முழங்கால்’ பற்றிக் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு நொந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ‘படிச்சோமா, சிரிச்சோமான்னு போகவேண்டியதுதானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். ஒரு வாத்துக்கு டவுசர் போடுவதா வேண்டாமா என்ற விஷயத்தில் என் பிழைப்பே ஒருமுறை சிக்கிக்கொண்டது. அதனால் இதைக் கடந்துபோக முடியவில்லை.

கணவர் வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் ஹாம்புர்க்கில் இருந்தோம். ஜெர்மனியில் வாத்துக் காமிக்ஸ் குழந்தைகள் சமாசாரம் மட்டும் இல்லை. 1951-இல் அங்கே மிக்கி மவுஸ் பத்திரிகை வந்ததிலிருந்து எரிகா ஃபூக்ஸ் என்ற அம்மையாரின் மொழிபெயர்ப்பில் தலைமுறை தலைமுறையாகப் படித்து வளர்ந்திருக்கிறார்கள். அவருக்காக ஷ்வார்ட்சன்பாக் என்ற ஊரில் 2015-இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். 1977-இல் இந்த வாத்துகளை ஆராய்வதற்கென்றே சங்கம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் ஹான்ஸ் ஃபோன் ஷ்டோர்ச், பிற்பாடு உலகறிந்த பருவநிலை விஞ்ஞானி ஆனவர். வருடா வருடம் மாநாடு கூடும், கட்டுரை வாசிப்பார்கள். காமிக்ஸில் வருவதெல்லாம் நிஜ ஊரில் நடந்த நிஜச் செய்தி என்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் அவர்கள் முறை. அந்த ஊரில் மழை எப்படிப் பெய்கிறது, ரயில் எந்தப் பக்கம் போகிறது, அங்கே வாழ்கிறவர்களுக்குப் பல் முளைக்குமா. அதற்கு முன்பே, 1973-இல், நார்வேயில் யோன் கிஸ்லே இதற்கு ‘டொனால்டிசம்’ என்று பெயர் வைத்து ஒரு புத்தகம் போட்டுவிட்டார்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டுப் பெரியவர் அந்த ரகம். கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். நான் படம் வரைகிறவள் என்று தெரிந்ததும் ஒரு நாள் பழைய பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “நீங்களே சொல்லுங்கள், இது பல்லா இல்லையா?” என்று கேட்டார். டொனால்டுக்குக் கோபம் தலைக்கேறிய ஒரு கட்டம். அலகுக்குள் வெள்ளையாக ஒரு வரிசை. அடுத்த கட்டத்தில் கோபம் அடங்கிவிட்டது, வரிசையும் காணோம். பெரியவரின் கட்சி, பல் எப்போதும் இருக்கிறது, அலகு மூடி மறைக்கிறது என்பது. என் கட்சி, கோபம் வந்தால்தான் பல் வருகிறது என்பது. நிஜ வாத்துக்குப் பல் கிடையாது. அலகின் ஓரத்தில் சீப்பு மாதிரி வரிவரியாக இருக்கும், சேற்றுத் தண்ணீரை வடிகட்ட. அது தெரியாமல் ஓவியர் வரைந்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். இந்த வாத்துக் காமிக்ஸை வரைந்த கார்ல் பார்க்ஸ் இளமையில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பண்ணை வேலை பார்த்தவர். வாத்து எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது?

பார்க்ஸைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1901-இல் பிறந்தவர், 2000-இல் 99 வயதில் இறந்தார். 1935 முதல் 1942 வரை டிஸ்னியின் கார்ட்டூன் கூடத்தில் வேலை. பிறகு வெளியே வந்து 1966 வரை காமிக்ஸ் வரைந்தார். டொனால்டின் பணக்கார மாமா அங்கிள் ஸ்க்ரூஜை 1947-இல் உண்டாக்கியவர் அவர்தான். தன் பாத்திரங்களை மனிதர்களாகவே நினைத்து எழுதினார், வாத்து உருவம் ஒரு தற்செயல். விவாதம் முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது. எந்த இடத்தில் மனிதன், எந்த இடத்தில் வாத்து என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டால் எங்கே சிரிப்பு வருகிறது என்று தெரிந்துவிடும்.

1949-இல் அவர் வரைந்த ஒரு கதையில் ஸ்க்ரூஜின் மூழ்கிய படகை வெளியே எடுக்கவேண்டும். டொனால்டும் மருமகப் பிள்ளைகள் மூன்று பேரும் பிங்பாங் பந்துகளைப் படகுக்குள் நிரப்பி மிதக்கவைக்கிறார்கள். பிறவியிலேயே மிதக்கிற ஜாதி, மிதப்பதற்குப் பந்து தேடுகிறது! ஆனால் அதைச் சொல்லி யாரும் ஜோக் அடிப்பதில்லை, ஒரு கட்டத்தில்கூட. வாத்து என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. நமக்கு மட்டும் இருக்கிறது. (1964-இல் குவைத் துறைமுகத்தில் ஆடுகளோடு கவிழ்ந்த கப்பலை டென்மார்க்கின் கார்ல் க்ரோயர் பிளாஸ்டிக் உருண்டைகளை உள்ளே செலுத்தித் தூக்கியது உண்மை. இந்தக் காமிக்ஸைக் காட்டி அவருக்குக் காப்புரிமை மறுத்தார்கள் என்று சுற்றுகிற கதைக்கு ஆதாரம் கிடையாது. யாராவது வந்து திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

அதே 1949-இல் வந்த ஆண்டிஸ் மலைக் கதையில் சதுர முட்டை. சதுரக் கோழி இட்டது. அதைத் தேடி ஒரு வாத்துக் குடும்பம் மலையேறுகிறது. அந்த ஊரில் எதையாவது உருண்டையாகச் செய்தால் தண்டனை. கடைசியில் படாத பாடு பட்டுக் கொண்டுவந்த கோழிகள் இரண்டும் சேவல். முட்டையைச் சுற்றியே ஓடுகிற கதையில், ‘நீயும் முட்டைக்குள்ளிருந்து வந்தவன்தானே’ என்று டொனால்டைப் பார்த்து ஒருவர் கேட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. பார்க்ஸ் கேட்கவிடவில்லை.

1952-இல் வந்த, ஸ்க்ரூஜின் பெயரிலேயே வெளியான முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூஜ் நாணயக் குவியலில் தலைகீழாகப் பாய்ந்து நீந்துவார். பீகிள் பாய்ஸ் கொள்ளைக்கூட்டம் பணத்தைப் பிடித்ததும் அவரைப் போலவே தாங்களும் பாய்கிறார்கள். மண்டை அடிபட்டு விழுகிறார்கள். உலோகம் உலோகம்தானே! ‘அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது’ என்று மட்டும் ஸ்க்ரூஜ் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். எனக்கு இது உடற்கூறு பற்றிய ஜோக். ஸ்க்ரூஜால் மட்டும் நீந்த முடிவது அவர் வாத்து என்பதாலா, பணத்தை நேசித்ததாலா? ஹாம்புர்க் பெரியவருக்கும் எனக்கும் ஒரு குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. வாதாடிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம், பார்த்த ஒவ்வொரு தடவையும் சிரித்தோம். எங்கே செத்தது நகைச்சுவை?

சில்லறைச் சண்டைகள் ஏராளம். ஸ்க்ரூஜுக்குக் காதே வரைவதில்லை, கண்ணாடி எப்படி நிற்கிறது? உற்றுப் பாருங்கள், அதற்குக் காம்பு கிடையாது, அலகைக் கவ்விக்கொண்டு நிற்கும். டொனால்டின் காதலி டெய்சி குதிகால் செருப்பு போடுகிறாள், சவ்வுப் பாதம் அதற்குள் எப்படிப் போகிறது என்பதற்கு இதுவரை நல்ல பதில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முழங்கால் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் அப்பா ஊர்ப்பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து பட்டி போடுவார்கள். உட்கார்ந்து நோட்டில் வரைந்திருக்கிறேன். நிஜ வாத்தின் முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கும். பின்பக்கமாக மடிகிறதே, நாம் முழங்கால் என்று நினைப்பது, அது கணுக்கால். டொனால்டுக்கு முன்பக்கமாக மடிகிறது. அதனால்தான் அவனால் நாற்காலியில் உட்கார முடிகிறது, கோபத்தில் குதிக்க முடிகிறது. நிஜ வாத்து கோபத்தில் குதிக்காது, கழுத்தை நீட்டும்.

சரி, டவுசர்.

முதலில் ஒன்று. டவுசர் போடாததால் பின்லாந்தில் டொனால்டைத் தடை செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். 1977-இல் ஹெல்சிங்கி நகராட்சியில் செலவைக் குறைக்க இளைஞர் மையங்களுக்குக் காமிக்ஸ் வாங்குவதை நிறுத்த முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த தேர்தலில் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். இன்றைக்கும் அந்த நாட்டில் டொனால்ட் பத்திரிகை வாரா வாரம் வருகிறது.

டொனால்ட் குளித்துவிட்டு வரும்போது இடுப்பில் துண்டு கட்டியிருப்பான். கடற்கரையில் நீச்சல் உடை போடுவான். சட்டை தொப்பியோடு தெருவில் போகும்போது கீழே ஒன்றும் இல்லை, வெட்கமும் இல்லை. பலர் இதை முரண்பாடு என்கிறார்கள். எனக்கு இதில் ஒழுங்கு தெரிகிறது. சட்டை போட்டிருந்தால் அவன் உடுத்தியவன், சட்டையைக் கழற்றினால்தான் நிர்வாணம். மானம் சட்டையில் இருக்கிறது, உடம்பில் இல்லை. நம் ஊர் மனிதர்களையே நினைத்துப் பாருங்கள், இது அவ்வளவு விசித்திரமா?

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பதிப்பகத்துக்காக ஒரு வாத்துக் கதைக்குப் படம் வரைந்தேன். பெயர் வேண்டாம். தபால்கார வாத்து, காக்கிச் சட்டை, தோளில் பை, கீழே வெறும் வால். அங்கிருந்து போன்.

“மேடம், வாத்துக்கு ஒரு டவுசர் போட்டுடுங்க. பேரன்ட்ஸ் கேப்பாங்க.”

“சார், டவுசர் போட்டா வால் உள்ள போயிடும்.”

“பின்னாடி கொஞ்சம் எட்டிப் பாக்குற மாதிரி விடுங்களேன்.”

இதைத்தான் புரியவைக்க முடியவில்லை. வாத்துக்கு முகம் பாதி அலகு. புருவத்தையும் கண்ணையும் விட்டால் முகத்தில் நடிக்க இடமில்லை. மீதி நடிப்பு முழுக்க வாலில்தான். நாய் துரத்தினால் வால் விறைக்கும், கடிதம் தொலைந்தால் தொங்கும், பொய் சொன்னால் லேசாக ஒரு பக்கம் சாயும். பார்க்ஸின் படத்தில் அலகையும் கண்ணையும் கையால் மறைத்துக்கொண்டு வெறும் பின்பக்கத்தைப் பாருங்கள், டொனால்ட் என்ன மனநிலையில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ஸ்க்ரூஜ் கார்ட்டூன் ஹிந்தியில் வரும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்து ஹிந்தி தெரியாது. விழுந்து விழுந்து சிரிப்போம். உடம்பு பேசியது, அதனால் புரிந்தது.

டவுசர் போட்டுத்தான் புத்தகம் வந்தது. கடிதம் தொலைந்த பக்கத்தில் வாத்து சும்மா நிற்கிறது. கதை வாசிப்பு நிகழ்ச்சி ஒன்றில் பிள்ளைகள் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. என் மூல ஓவியத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், சிரித்தார்கள். ‘உங்களுக்கு ஈகோ’ என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு, இரண்டையும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் பாருங்கள் என்பதே என் பதில்.

அந்தப் புத்தகத்தின் அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கிறது. என் பெயர் உள்ளே, அச்சகத்தின் பெயருக்குக் கீழே, எறும்பு எழுத்தில். மறுபதிப்பில் அதுவும் போய்விட்டது, மறுபதிப்புக்குப் பணமும் வரவில்லை. கேட்டால், “நீங்க பக்கத்துக்கு இவ்வளவுன்னுதானே மேடம் பேசினீங்க” என்கிறார்கள். படக்கதையில் படம் போட்டவள் கூலியாளா? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் வாத்து ஓவியர்களின் சரித்திரமே இதுதான். பார்க்ஸுக்கும் பக்கக் கூலிதான், இதழில் அவர் பெயரே வராது. அத்தனை வருடமும் வாசகர்கள் கோடுகளை வைத்தே ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று அவரைத் தனியாக அடையாளம் கண்டுவைத்திருந்தார்கள். 1960 வாக்கில்தான் ரசிகர்கள் பெயரைக் கண்டுபிடித்து அவருக்கே கடிதம் எழுதினார்கள். அலகு எப்படி வளைகிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று உற்றுப் பார்த்தவர்களால் நடந்த காரியம் அது. அவருக்குப் பின்னால் வந்த டான் ரோசா, ஸ்க்ரூஜின் வாழ்க்கை வரலாற்றை 12 அத்தியாயமாக வரைந்து 1995-இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியவர். உலகமெங்கும் மறுபதிப்பு போகிறது, தனக்கு ராயல்டி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

ஆகவே உங்கள் வீட்டு ஆள் வாத்தின் முழங்காலைப் பற்றிக் கத்தினால் கத்தட்டும். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, கோபமான டொனால்டைப் பின்பக்கமிருந்து வரையச் சொல்லுங்கள். பல் பற்றி அவர் எதிர்வீட்டுப் பெரியவர் கட்சி என்றால், எந்தக் கதை, எந்தப் பக்கம், எத்தனையாவது கட்டம் என்று இங்கே கமெண்டில் எழுதச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.