ஆபீஸ் அலுப்பைக் கிண்டலடிக்கும் தமிழ் டி-ஷர்ட்டை எங்கள் டீமில் 20 பேருக்கு அடிக்க வேண்டும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

20 உருப்படிதான் என்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் போடுகிற செலவு அந்த இருபதின் தலையில்தான் விழும். டிடிஎஃப் போதும்: ஃபிலிமில் அச்சடித்து, பசைப்பொடி தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் துணிமேல் ஒட்டுகிற முறை.

வாசகத்தைப் பேச்சுத் தமிழில் வையுங்கள். 'பணிச்சோர்வு' என்று அடித்தால் விழிப்புணர்வு முகாமில் கொடுத்த பனியன் மாதிரி இருக்கும். நெஞ்சில் பெரிதாக 'முடியல சார்' போதும். கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால், 'மீட்டிங் முடிஞ்சா வேலை, வேலை முடிஞ்சா மீட்டிங்'. இரண்டு வரிக்கு மேல் போனால் எதிரே நடந்து வருபவர் படித்து முடிப்பதற்குள் நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள்.

தமிழில் அடிக்கும்போது மாட்டிக்கொள்கிற இடம் புள்ளி. மெல்லிய ஃபான்ட்டில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒட்டப் பிடிமானம் இல்லாமல் சலவையில் உதிரும். 'சார்' என்பது 'சார' ஆகிவிடும். புள்ளியின் விட்டம் 2 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலூ தம்பி 2 ஃபான்ட்டின் எக்ஸ்ட்ரா போல்டு நன்றாகத் தாங்கும், இலவசமும்கூட.

அடுத்தது கொம்பு. பழைய போட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு) போடாமல் தட்டினால் 'டெட்லைன்' என்பதில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத கடை என்றால் அப்படியே அடித்தும் கொடுத்துவிடுவார்கள். எழுத்தை அவுட்லைனாக (ஃபான்ட் இல்லாத கணினியிலும் மாறாத வடிவமாக) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். இல்லையென்றால் பின்னணி இல்லாத பிஎன்ஜி, அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). எழுத்துக்குப் பின்னால் கலர் பட்டை மட்டும் வைக்காதீர்கள். காற்றுப் போகாது, வெயிலில் நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் இருக்கும்.

துணி 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்), பயோவாஷ் (என்சைமால் அலசி மென்மையாக்கிய) காட்டன், ரவுண்ட் நெக். திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் சர்ப்ளஸ் சரக்கில் ஒரே நிறத்தில் எல்லா சைஸும் அமைவது சந்தேகம். 'எல்', 'எக்ஸ்எல்' என்று கேட்டு எழுதாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவரவருக்குப் பொருந்துகிற சட்டையை விரித்துப் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளந்து தரச் சொல்லுங்கள். சிவப்பு பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம்: பிரஸ் சூட்டில் துணியின் சாயம் ஏறி வெள்ளை எழுத்து ரோஸ் ஆகிவிடும்.

கழுத்துப்பட்டிக்கு 3 அங்குலம் கீழே டிசைன் தொடங்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் வாசகம் தொப்பைமேல் போய் உட்காரும். ஒட்டும் முன் வெறும் துணியை 5 விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்க வேண்டும். காட்டனுக்குப் பொதுவாக 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி. ஃபிலிமைச் சூட்டோடு உரிப்பதா ஆறவிட்டு உரிப்பதா என்பது ஃபிலிமைப் பொறுத்தது. உரித்தபின் மேலே பட்டர் பேப்பர் வைத்து இன்னும் 5 விநாடி அழுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் கடைக்காரர் விடுவது இதைத்தான். ஓரம் பிய்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் சலவை ஒரு நாள் கழித்து, உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில். பிரஷ்ஷும் துவைக்கிற கல்லும் ஆகாது. 20-ஐயும் ஒரேயடியாக அடிக்காமல் ஒன்றை அடித்து மூன்று முறை துவைத்துப் பாருங்கள்.