குதிரைகளோடு ஊர் மாறுவோருக்கு: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா): என் கணவருக்கு வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. எங்களிடம் இரண்டு குதிரைகள் உள்ளன. ஒன்று 22 வயதான ஆண் குதிரை. மற்றொன்று எங்கள் மகள் சவாரி பழகும் 8 வயதுப் பெண் குதிரை. கேரி நகரில் கோயிலும் நல்ல பள்ளிகளும் தமிழ்க் குடும்பங்களும் இருப்பதால் அங்கே முதலில் வீடு வாங்கிவிட்டு, பிறகு குதிரைகளுக்கு இடம் தேடலாம் என்கிறார் கணவர். ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஊருக்கு வெளியே வீடு வாங்கினால் லாயக் கட்டணமே மிச்சமாகும் என்பது என் எண்ணம். எங்களுக்குக் கைக்கு அடக்கமான வழி எது?

பதில்: இருவருமே வாங்குவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்பேன். முதலில் லாயம், அதன்பின் அதற்கு அருகில் வாடகை வீடு, ஓராண்டு கழித்துத்தான் சொந்த நிலம் என்ற வரிசையே உங்களுக்குப் பொருந்தும். கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பகுதிகளில் வாடகை வீடு எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் 22 வயதுக் குதிரைக்குத் தீவனத்தை நனைத்து வைக்கவும், பற்கள் தேய்ந்த குதிரை மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் பட்டினி கிடக்கிறதா என்று பார்க்கவும் பொறுமையுள்ள லாயம் நினைத்த மாதத்தில் அமைந்துவிடாது. நல்ல லாயங்களில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் என்பதால், வேலையில் சேரும் தேதி உறுதியானவுடனேயே தேடத் தொடங்குங்கள்.

ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் டர்ஹம், வேக் ஆகிய இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) பரவியிருக்கிறது. கேரியை ஒட்டிய நிலமெல்லாம் மனைகளாகிவிட்டதால் லாயங்கள் வெளியே நகர்ந்துகொண்டே போகின்றன. இன்று மேற்கே சாட்டம் கவுண்டியிலும், வடமேற்கே ஹில்ஸ்பரோவைச் சுற்றியும், வடக்கே கிரான்வில், பெர்சன் கவுண்டிகளிலும் தேடுவதே பலன் தரும். இவற்றில் சாட்டம் கேரிக்கு வசதியானது என்றாலும், அதன் தலைமை ஊரான பிட்ஸ்பரோவை ஒட்டிச் சுமார் 7,000 ஏக்கரில் சாட்டம் பார்க் என்ற புதுக் குடியிருப்பு எழுந்து வருகிறது. ஆகவே அந்தப் பக்கம் எந்த லாயத்தைப் பார்த்தாலும், நிலம் நடத்துபவருக்குச் சொந்தமா, குத்தகையா, விற்பனைப் பேச்சு ஏதும் நடக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கிய ஆறாம் மாதத்தில் மீண்டும் இடம் தேட நேர்ந்தால், மலிவான கட்டணத்தில் சேமித்ததெல்லாம் போய்விடும். குதிரை வைத்திருப்பவர்கள் பலர் உங்களுக்குச் சதர்ன் பைன்ஸைப் பரிந்துரைப்பார்கள். மணற்பாங்கான தரையும் சவாரிப் பாதைகளும் கொண்ட அருமையான ஊர்தான். ஆனால் மாநிலத் தலைநகரான ராலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம் என்பதால் தினமும் அலுவலகம் செல்பவருக்கு ஒத்துவராது.

வீட்டிலிருந்து அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். லாயம் எவ்வளவு தூரம் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. அது 25 நிமிடத்தைத் தாண்டினால், பள்ளி முடிந்து வரும் பெண்ணை வார நாட்களில் அழைத்துப் போவது நின்றுவிடும். பிறகு நீங்களே செய்திருக்கக்கூடிய ஒவ்வொரு வேலைக்கும் லாயத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கோயிலுக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிச் செல்வது யாருக்கும் சுமையில்லை என்பதால், கேரிக்கு உள்ளேதான் வீடு இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கணவர் சற்றுத் தளர்த்தலாம்.

கட்டணத்துக்கு வருவோம். தனிக் கொட்டடி, தீவனம், சாணம் அள்ளுதல், தினமும் வெளியே விடுதல் எல்லாம் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒரு வகை. இரவும் பகலும் மேய்ச்சல் நிலத்திலேயே விட்டு, ஒதுங்க ஒரு கூரை மட்டும் தரும் மேய்ச்சல் பராமரிப்பு இன்னொரு வகை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பசும்புல் மேய்ச்சல் அரிது என்பதால் இரண்டாவது வகையை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். வட கரோலினாவில் அதுதான் மலிவு. நடமாட்டம் இருப்பதால் கிழக் குதிரையின் மூட்டுகளுக்கும் அதுவே நல்லது. ஆனால் விளம்பரத்தில் உள்ள தொகையை மட்டும் வைத்து இரண்டு லாயங்களை ஒப்பிட்டுவிடாதீர்கள். புல் வளராத குளிர்காலத்தில் உலர்புல் கட்டணத்தில் அடங்குமா, லாடம் அடிப்பவர் வரும்போது குதிரையைப் பிடித்து நிற்க யார் வருவார்கள், போர்வை மாற்றத் தனிக் காசா, முதிய குதிரைக்குத் தனித் தீவனம் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குதிரை ஒன்றுக்கு மாதம் மொத்தம் என்னவென்று எழுதிப் பாருங்கள். அப்போது மலிவான லாயம் மலிவாக இல்லாமல் போவதும் உண்டு.

உலர்புல் விலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேற்கு மாநிலங்களில் மூன்று கயிறு கட்டிய கட்டு 45 கிலோவுக்கு மேல் இருக்கும். கிழக்கில் இரண்டு கயிற்றுக் கட்டு பெரும்பாலும் 18 முதல் 27 கிலோதான். கட்டு ஒன்றின் விலையைக் கேட்டு மலிவு என்று மகிழாமல், கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ வரை உலர்புல் தின்னும். கலிபோர்னியாவில் தாராளமாகக் கிடைத்த குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) வட கரோலினாவுக்குத் தொலைவிலிருந்து வருவதால் விலை கூடும். அதற்கு ஈடாகப் பலர் கொடுக்கும் கோஸ்டல் பெர்முடா, நம் அருகம்புல்லின் கலப்பினம். நுண்ணிய தண்டுள்ள அந்தப் புல்லை மட்டுமே திடீரென்று கொடுத்தால் சிறுகுடலின் கடைப்பகுதியில் அடைப்பு ஏற்பட்டு வயிற்றுச் சூலை வரக்கூடும். எந்தத் தீவன மாற்றத்தையும் பத்து நாட்களுக்குக் குறையாமல், பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து செய்ய வேண்டும்.

பசும்புல்லுக்குப் பழகாத குதிரைகளை முதல் நாளே மேய்ச்சலில் அவிழ்த்துவிட லாயத்தார் முனைந்தால் தடுத்துவிடுங்கள். சர்க்கரை மிகுந்த இளம்புல்லால் குளம்பின் உள்ளே அழற்சி உண்டாகி நிரந்தர நொண்டியாகும் ஆபத்து இருக்கிறது. 22 வயதில் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதாலும், அது இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டும் என்பதாலும், புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தென்கிழக்கின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து சில குதிரைகளுக்கு வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. ஜூலையில் போய் இறங்காமல் அக்டோபரில் போவது நல்லது. கொசுவால் பரவும் கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் அங்கே உண்டு. அதற்கான தடுப்பூசியை ஆண்டுக்கு இருமுறை போடச் சொல்லும் மருத்துவர்களே அதிகம்.

லாயத்தைப் பார்க்க மாலைத் தீவன நேரத்தில் செல்லுங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து பேசுவதைவிடக் களத்தில் நிற்கும் மிக வயதான குதிரையைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். அதன் விலா எலும்பும் குளம்பும் எப்படியிருக்கின்றனவோ அப்படித்தான் உங்கள் கிழவனும் இரண்டாண்டில் இருப்பான். உலர்புல் கட்டு ஒன்றைப் பிரித்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, உதறும்போது வெண்தூசி பறந்து பூஞ்சை நெடி அடித்தாலோ வேறிடம் பார்க்கலாம். வேலியில் முள்கம்பி கூடாது. வேலியோரம் செம்மேப்பிள் (ரெட் மேப்பிள்) மரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். புயலில் ஒடிந்து வாடிய அதன் இலைகள் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். கலிபோர்னியாவில் இருந்தவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றி யாரும் எச்சரித்திருக்க வாய்ப்பில்லை.

ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். வட கரோலினாச் சட்டப்படி, கட்டணப் பாக்கி இருந்தால் குதிரையைத் தம்வசம் நிறுத்திக்கொள்ளும் உரிமை லாயத்தாருக்கு உண்டு. விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, நீங்கள் தொலைபேசியில் கிடைக்காதபோது எவ்வளவு தொகை வரை மருத்துவம் பார்க்கலாம், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ராலியில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அவர்களிடம் டிரெய்லர் உள்ளதா ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து ஏக்கர் கனவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரை ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஏக்கர் மேய்ச்சல் என்று வைத்தால் நிலம் போதும். ஆனால் வேலி, கொட்டகை, உலர்புல் சேமிப்பு, டிராக்டர், சாணக்குழி ஆகியவற்றின் செலவோடு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியும் வந்து நிற்கும். கிழக் குதிரை இறந்துபோனால் மற்றது தனித்து நிற்கும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி என்பதால் துணைக்கு இன்னொன்று தேடியாக வேண்டும். லாயக் கட்டணம் மிச்சமாகிறது என்ற ஒரே காரணத்துக்காக நிலம் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். குதிரைகளோடு விடியற்காலையில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக வாங்கினால் அது வேறு கணக்கு.

கேள்வி (டாலஸ், டெக்சஸ்): அட்லாண்டாவுக்கு இடம் மாறுகிறோம். எங்கள் குதிரையைச் சொந்த டிரெய்லரில் நாங்களே கொண்டுபோகலாமா, அல்லது வாகனக்காரரிடம் ஒப்படைக்கலாமா? என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதில்: நெடுஞ்சாலை 20இல் ஏறினால் நேரே அட்லாண்டா, ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். டிரெய்லர் ஓட்டிப் பழகியவராக இருந்தால் நீங்களே கொண்டுபோகலாம். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். மிசிசிப்பியின் ஜாக்சன் ஏறத்தாழப் பாதி வழி. அந்த வட்டாரத்தில் குதிரைக்கு இரவுத் தங்கல் தரும் பண்ணை ஒன்றை முன்பதிவு செய்து, குதிரையை இறக்கி நடக்கவிடுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். தலையை உயர்த்திக் கட்டியே நீண்ட நேரம் கொண்டுசென்றால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் கிருமிகளையும் குதிரையால் வெளியேற்ற இயலாது. நுரையீரலைத் தாக்கும் பயணக் காய்ச்சல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆகவே கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த இடம் கொடுங்கள். சேர்ந்த பிறகு ஐந்து நாட்களுக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு; 38.6ஐத் தாண்டினால் மருத்துவரை அழைத்துவிடுங்கள். புதுத் தண்ணீரின் சுவை பிடிக்காமல் குடிக்க மறுக்கும் குதிரைகள் உண்டு என்பதால், வீட்டுத் தண்ணீரை ஓரிரு கேன்களில் எடுத்துச் செல்வது பயன்படும்.

அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்துக்குள் நுழைய, குதிரைத் தொற்று இரத்தசோகை இல்லை என்று காட்டும் 12 மாதத்துக்குட்பட்ட காகின்ஸ் பரிசோதனை முடிவும், 30 நாளுக்குட்பட்ட கால்நடை மருத்துவச் சான்றிதழும் வேண்டும். ஆய்வக முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிவைக்காதீர்கள். தடுப்பூசி பாக்கியிருந்தால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். கோடையில் தென்மேற்கு மாநிலங்களில் வெசிகுலர் ஸ்டொமாடைட்டிஸ் என்ற வாய்ப்புண் நோய் தலைகாட்டினால் விதிகள் ஒரே வாரத்தில் மாறக்கூடும். புறப்படும் முன் ஜார்ஜியா வேளாண் துறையை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாகனக்காரரை அமர்த்துவதானால், அவருடைய போக்குவரத்துத் துறைப் பதிவெண்ணைக் கேட்டு, அதை அரசின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். எண்ணைத் தரத் தயங்குபவரிடம் பேரம் பேச வேண்டியதே இல்லை.

கேள்வி (சார்லட், வட கரோலினா): நாங்கள் கிரீன் கார்டு உள்ளவர்கள், ஒருவர் சம்பளம்தான். நகரத்தில் வீட்டு விலை எட்டாததால் கிராமப்புறத்தில் சில ஏக்கரோடு வீடு வாங்கி எங்கள் குதிரையை அங்கேயே வைத்துக்கொள்ள நினைக்கிறோம். முன்பணம் இல்லாத கடன் உண்டு என்கிறார்களே? குதிரை இருந்தால் சொத்து வரி குறையுமா?

பதில்: அமெரிக்க வேளாண் துறை உத்தரவாதம் தரும் கிராமப்புற வீட்டுக் கடன் முன்பணம் இல்லாமல் கிடைக்கும், உங்களைப் போல நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; வீடும் அத்துறை கிராமப்புறம் என்று வகுத்த எல்லைக்குள் அமைய வேண்டும். வருமானம் ஈட்டும் பண்ணைக்கு இந்தக் கடன் பொருந்தாது. ஆகவே மற்றவர் குதிரைகளைக் கட்டணத்துக்கு வைத்துத் தவணையைக் கட்டலாம் என்ற திட்டம் இருந்தால் அதைக் கடன் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரி குறையும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். வட கரோலினாவில் வேளாண் நிலத்துக்கான சலுகைக்குக் குறைந்தது 10 ஏக்கர் உற்பத்தியில் இருக்க வேண்டும். மூன்றாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 1,000 டாலர் மொத்த வருமானமும் காட்ட வேண்டும். சவாரிக்கு வைத்திருக்கும் குதிரையும், கட்டணத்துக்குப் பராமரிக்கும் குதிரையும் இதில் சேரா. அதே நிலத்தில் உலர்புல் அறுத்து விற்றால் சேரலாம். காலி மனையாக வாங்குவதானால், கழிவுநீர்த் தொட்டிக்கு மண் ஏற்றதா என்ற பரிசோதனையில் தேறினால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வட்டாரத்துச் செங்களிமண் பல இடங்களில் அதில் தோற்றுவிடுகிறது. குடியிருப்போர் சங்க விதிகள் உள்ள மனையானால், குதிரைக்கு அனுமதி உண்டா என்பதை விற்பவரின் வாய்மொழியாக ஏற்காமல் பதிவான ஆவணத்தில் நீங்களே படித்துப் பார்த்துவிடுங்கள்.