மழைக்கு முன்பள்ளியை மூடுவதா, திறப்பதா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய முன்பள்ளி ஒன்று நடத்துகிறேன். காலை எட்டு முதல் பதினொன்றரை வரை. பிள்ளைகள் மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி என்று பல பக்கமிருந்து வருகிறார்கள். அரசாங்கம் பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவித்தால் நானும் மூடிவிடுவேன். அறிவிப்பு வராத நாட்களில்தான் திண்டாட்டம். மூடினால் வேலைக்குப் போகும் தாய்மார் ஏசுகிறார்கள், திறந்தால் மற்றவர்கள் ஏசுகிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: இரண்டு பக்கமும் ஏசத்தான் செய்வார்கள், அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் நீங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்பது தவணை தொடங்கும்போதே பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் ஏச்சு பாதியாகக் குறையும்.

முதல் வேலையாக, காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பதை விடுங்கள். அந்த நேரம் வான் சாரதி புறப்படத் தயாராகியிருப்பார், தாய் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி முடித்திருப்பார், அப்போது வரும் 'இன்று இல்லை' என்ற செய்தி யாருக்கும் உதவாது. முதல் நாள் மாலை ஏழு மணி என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மாலை அறிக்கையைப் பார்த்து அந்த ஏழு மணிக்கே முடிவைச் சொல்லிவிடுங்கள். அதிகாலை அறிக்கையைப் பார்ப்பது, இரவுக்குள் நிலைமை மோசமாகிவிட்டதா என்று உறுதிசெய்ய மட்டும்.

எந்த மாதத்து மழை என்று பார்ப்பதும் முக்கியம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் 'மேல் மாகாணத்தில் பிற்பகல் 1 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை' என்று அடிக்கடி சொல்வார்கள். ஒன்றரைக்கு விடும் பெரிய பாடசாலைகளுக்கு அது சங்கடம்தான். உங்கள் பிள்ளைகள் அதற்குள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அந்த அறிவிப்புக்காக மூடத் தேவையில்லை. ஒரு விதிவிலக்கு: அண்ணன், அக்காவை ஏற்றும் வரை அதே வானில் இரண்டு மணி வரைக்கும் சுற்றும் சின்னவர்கள் உங்களிடம் இருந்தால் அவர்களைத் தனியாக யோசியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழையோ நேரம் காலம் பார்க்காது, காலையிலேயே கொட்டும், கூடவே காற்று. நவம்பரில் தாழமுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

அறிவிப்பில் மில்லிமீற்றரைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் பலத்த மழை, 150ஐத் தாண்டினால் மிகப் பலத்த மழை. கொழும்பை உள்ளடக்கிய சிவப்பு எச்சரிக்கை என்றால் யோசிக்கவே வேண்டாம், மூடுங்கள். செம்மஞ்சள் என்றால்தான் வேலை. அப்போது நான் முதலில் கூப்பிடச் சொல்வது வான் சாரதியைத்தான். எந்த ஒழுங்கையில் கான் அடைத்திருக்கிறது, எங்கே அரை மணி மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்குத் தெரிகிற அளவு எந்த அறிக்கைக்கும் தெரியாது. 'நாளைக்கு வர முடியுமா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. 'பதினொன்றரைக்கு இதே வழியால் எல்லாரையும் திருப்பிக் கொண்டுபோய் விடலாமா' என்று கேளுங்கள். அவர் இழுத்தால் மூடுங்கள்.

காற்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2023 ஒக்டோபர் 6 காலை, கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் போய்க்கொண்டிருந்த பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். வெள்ளம் இல்லாத வீதிதான் அது. பலத்த மழையோடு கடும் காற்றும் என்று போட்டிருந்தால், தண்ணீர் நிற்காத பாதையாக இருந்தாலும் நான் மூடச் சொல்வேன்.

களனி கங்கை வேறு கதை, உங்களுக்கு அதுதான் முக்கியமும்கூட. கொழும்பில் வெயில் எறிக்கும், மலைப்பக்கம் பெய்த மழை மெல்ல இறங்கி வந்து பிறகுதான் வெல்லம்பிட்டியை மூழ்கடிக்கும். 2016 மே மாதத்தில் மழை ஓய்ந்த பிறகும் கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றதை அந்தப் பக்கத்துத் தாய்மார் சொல்வார்கள். ஆகவே பருவ மழை நாட்களில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். கிராண்ட்பாஸ் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். மேலே ஹங்வெல்லவில் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் இங்கேயும் வரப்போகிறது என்று அர்த்தம், உங்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். அந்த நிலையில் முழுப் பள்ளியையும் மூட வேண்டும் என்றில்லை, வெல்லம்பிட்டிப் பிள்ளைகளை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் உங்கள் ரீச்சர்மார் எங்கே இருக்கிறார்கள்? வெள்ளத்தில் அகப்பட்ட ரீச்சர் இல்லாமல் தனியாளாக இருபது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று துணியாதீர்கள்.

அப்புறம், எல்லோரும் வந்த பிறகு பத்து மணிக்கு வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கினால்? பதறிப்போய் 'உடனே வந்து கூட்டிப்போங்கள்' என்று செய்தி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தகப்பன் கோட்டையில் இருப்பார், வான் வேறு ஓட்டத்தில் இருக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டோ பிடித்து அதே தண்ணீருக்குள் இறங்குவார்கள். உங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் வராது, கூரை உறுதி என்றால் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருங்கள். பிஸ்கட், குடிதண்ணீர், மாற்று உடுப்பு, டோர்ச் எப்போதும் இருக்கட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும் வரை யாரையும் வாசலுக்கு விட வேண்டாம். கட்டடத்துக்கே ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

வட்ஸ்அப் செய்தியை வளவளவென்று எழுதாதீர்கள். 'நாளை செவ்வாய் முன்பள்ளி இல்லை. பலத்த மழை, காற்று எச்சரிக்கை. புதன் பற்றி நாளை மாலை 7 மணிக்குச் சொல்கிறேன்.' போதும். 'விரும்பினால் அனுப்பலாம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆறு பிள்ளைகள் வருவார்கள், அந்த ஆறு பேருக்காக ரீச்சர்மார் மழையில் நனைந்து வர வேண்டும், பொறுப்பும் உங்கள் தலையில். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு முதல் நாள் இரவே சொன்னால் பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ பிடித்துக்கொள்வார்கள். மூடிய நாளில் பளிச்சென்று வெயில் எறித்தால் யாராவது சூரியன் படம் அனுப்பத்தான் செய்வார்கள், பதில் போடாதீர்கள்.

மீண்டும் திறக்கும் நாள் நீங்கள் ஒரு மணி நேரம் முந்திப் போங்கள். கழிவறை, குடிதண்ணீர், ஈரமான பிளக், முற்றத்தில் சாய்ந்து நிற்கும் கிளை எல்லாவற்றையும் பாருங்கள். சிரட்டை, பூச்சாடி, பழைய டயர் எதிலாவது தண்ணீர் நின்றால் கவிழ்த்துவிடுங்கள், மழை முடிந்த கையோடு டெங்கு வரும்.