குழம்பு ஒன்று, தட்டு இரண்டு

மும்பை சயானில் 19 வருடம் மெஸ் நடத்திய அக்கா, வாசகர்களின் சமையலறைச் சிக்கல்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. முலுண்டில் இருக்கிறோம். அவருக்கு அந்தேரியில் வேலை. மெட்ரோ பிடித்து காட்கோபர் வந்து, அங்கே ரயில் ஏறி வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். ஆபீஸில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். அன்றிலிருந்து ராத்திரிக்கு சூப், வெள்ளரி, கேரட் என்று வைக்கிறேன். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, பத்தரைக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிறார். அவருக்குப் புளிக்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் அப்பளமும் வேண்டும். எனக்கு அவ்வளவு சோறு ராத்திரியில் ஆகாது. கடைசியில் தினமும் இரண்டு சமையல். அலுத்துவிட்டது.
- பெயர் வேண்டாம், முலுண்ட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இரண்டாவது அடுப்பை அணை. என் மெஸ்ஸில் ராத்திரி 40 பேர் சாப்பிட்டார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற பாங்க் கிளார்க் உண்டு, ஜிம்முக்குப் போகிற பையன் உண்டு. எல்லாருக்கும் ஒரே குழம்புதான். டாக்ஸிக்காரர் தட்டில் சோறு குவிந்திருக்கும், கிளார்க் தட்டில் பொரியல் குவிந்திருக்கும், ஜிம் பையன் இரண்டு முட்டை சேர்த்து வாங்கிக்கொள்வான். குழம்பைப் பொதுவாக வை. தட்டை அவரவருக்குத் தக்கபடி போடு.

மிக்சருக்காக அவரைத் திட்டாதே. அந்த சூப்பைக் குடித்தால் நானும் பத்தரைக்கு டப்பாவைத் தேடுவேன். கேரட்டிலும் வெள்ளரியிலும் புரதம் எங்கே இருக்கிறது? வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் காலி. அப்புறம், நம்ம ஊர் நாக்குக்குப் புளியும் காரமும் படாவிட்டால் சாப்பிட்ட கணக்கே வராது. சோற்றைக் குறைக்கிற அன்றைக்குக் குழம்பையும் குறைத்தால் மனுஷன் என்னதான் செய்வார்?

மார்க்கெட்டில் முளைகட்டிய மட்கி விற்பார்கள். மராட்டிக்காரர்கள் உசள், மிசள் என்கிற பயறுக் கறிகளுக்கு வாங்குவது. நம் தமிழில் நரிப்பயறு. 2005 ஜூலை 26 வெள்ளத்துக்கு மறுநாள் காய் லாரி எதுவும் வரவில்லை. வீட்டில் முளைகட்டி வைத்திருந்த மட்கியைப் புளிக்குழம்பில் போட்டேன். "அக்கா, இதை வெள்ளம் வராத நாளிலும் வைக்கலாமே" என்றான் ஒரு பையன். அதற்கப்புறம் வாரம் இரண்டு முறை அதுதான்.

இருவருக்கு முளைகட்டியது 200 கிராம் போதும். முதலில் அதைத் தனியாக வேகவைத்துக்கொள். புளித்தண்ணீரில் நேராகப் போட்டால் பயறு விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, குழம்புப் பொடி, நெல்லிக்காய் அளவு புளி. பச்சை வாசனை போனதும் வெந்த பயறு. தேங்காய் அரைத்து ஊற்றினால் ருசி கூடும், கொழுப்பும் கூடும். ஒரு கைப்பிடித் துருவலோடு நிறுத்திக்கொள்.

பரிமாறுவதில்தான் சூட்சுமம். அவர் உட்கார்ந்ததும் ஒரு பெரிய கிண்ணம் முட்டைக்கோஸோ பீன்ஸோ பொரியல், குழம்பிலிருந்து அரித்தெடுத்த பயறு இரண்டு கரண்டி. அது பாதி இறங்கிய பிறகு ஒரு கப் சோறு, குழம்பு, நெருப்பில் சுட்ட அப்பளம் ஒன்று. காயும் பயறும் முன்னே போய், சோறு பின்னால் போனால், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். உருளைக்கிழங்கு ரோஸ்ட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு. அவர் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு, நான் சொன்னதை விட்டுவிடு.

உனக்கு அதே பயறு, அதே பொரியல், சோற்றுக்குப் பதில் ஜ்வாரி பாக்ரி, அதாவது சோள மாவு ரொட்டி, ஒன்று. மாவில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துப் பிசைய வேண்டும். கோதுமை மாதிரி இழுவை கிடையாது, அதனால் அன்றன்றைக்குத்தான். பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வெடித்துப் போகும். தட்டிக் கல்லில் போட்டதும் மேல்பக்கம் தண்ணீர் தடவு, அது காய்வதற்குள் திருப்பு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மராட்டி அம்மா. என் முதல் பாக்ரியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பாக்ரிதானே என்று நாலு சாப்பிட்டுவிடாதே, அதுவும் மாவுதான்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. ஒன்பது மணிக்கு வருகிறவர் சாயங்காலம் ஆறரைக்கு என்ன சாப்பிடுகிறார்? என் வீட்டுக்காரர் தினமும் தாதரில் இறங்கி இரண்டு வடாபாவ் தின்றுவிட்டு வந்து, "பசி இல்லை" என்பார். அது தெரியாமல் என் சமையல்தான் சரியில்லையோ என்று இரண்டு வருடம் உப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒருநாள் சட்டை துவைக்கும்போது பையில் சிவப்பாகப் பூண்டுச் சட்னிப் பொடி. அன்றிலிருந்து அவர் பையில் ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை. நீயும் கட்டிக்கொடுத்துப் பார்.

எண்ணெய்க்கு ஒரு சுருக்கு வழி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மாதிரித் தட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்தான். இருவருக்கு மாதம் சுமார் ஒன்றே முக்கால் லிட்டர். ஒன்றாம் தேதி அவ்வளவையும் ஒரு கேனில் ஊற்றி வை. இருபதாம் தேதி கேன் காலியானால் யார் அப்பளம் பொரித்தது என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சைவம், மனைவிக்கு மீன் இல்லாமல் ஆகாது. சமையல் என் பொறுப்பு. மீனைத் தொடுவதில் எனக்குச் சங்கடமில்லை, சாப்பிடத்தான் மாட்டேன். ஒரே வேலையாக முடிக்க முடியுமா?
- ஒரு கணவர், தாராவி

பதில்: நல்ல தம்பி. தேங்காய் அரைத்த புளிக்குழம்பை ஒன்றாகவே கொதிக்க விடு. முக்கால் பதம் வந்ததும் இரண்டு பாத்திரமாகப் பிரி. ஒன்றில் வதக்கிய கத்தரிக்காய், மற்றதில் பாங்டா, அதாவது நம்ம அயிலை. மீனுக்கு எட்டு நிமிஷம் போதும், கரண்டி போட்டுக் கிண்டாதே. கரண்டி இரண்டையும் மாற்றிவிடாதே, அதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். உனக்குக் கத்தரிக்காய் மட்டும் போதாது, கூட ஒரு கிண்ணம் தயிரோ வெந்த கடலையோ எடுத்துக்கொள். ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை ஏறும். அதற்காகத் தினமும் கருவாடு வாங்கிவிடாதே. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாட்டோடு அந்தக் கணக்கு நிற்காது. அந்த மாதங்களில் அவருக்கு முட்டைக் குழம்பு.

கேள்வி: ராத்திரி தினமும் இட்லிதான். நல்லதுதானே?
- செம்பூர்

பதில்: தொட்டுக்கொள்ள என்ன என்று எழுதவில்லையே. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் என்றால் வெறும் அரிசிச் சாப்பாடுதான். மூன்று இட்லிக்கு இரண்டு கிண்ணம் சாம்பார், பருப்பு கரண்டியில் தட்டுப்பட வேண்டும், முருங்கைக்காயோ பூசணியோ நிறைய. அப்படியென்றால் தினமும் சாப்பிடு.